தேதியில்லாத கடிதங்களைப் பேசிய மீன்கள்

கோமதிநாச்சியார் அந்த விதியை சர்வரில் ஏற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. மறுநாள் விடிந்ததும் கீழமுனைத்துறையில் கரையேறிய மீன்கள் பேசத் தொடங்கின.

நாச்சியாருக்கு முப்பத்து நான்கு வயது. மாவட்டக் குறைகேட்பு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் எட்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். மக்கள் அனுப்பும் மின்னஞ்சல்களை வாங்கிவைக்கும் சர்வருக்கு அவள் ஒருத்திக்குத்தான் கடவுச்சொல் தெரியும், அது பழுதானால் அவள் ஒருத்திக்குத்தான் திட்டு விழும். 'உங்கள் குறைகளை மின்னஞ்சலில் தெரிவியுங்கள்' என்று மாவட்டத்தின் எல்லாப் பேருந்து நிலையச் சுவர்களிலும் எழுதிப்போட்டிருந்தார்கள், ஜனங்களும் நம்பி எழுதினார்கள், எழுதியதில் நாலாயிரத்துச் சொச்சம் திறக்கப்படாமல் கிடந்தன. அடுத்த மாதம் தலைநகரத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் அலுவலர் தில்லைநாயகம் அவளைக் கூப்பிட்டார்.

"நிலுவை பூஜ்யம் ஆகணும்மா. பழசையெல்லாம் முடிச்சாச்சுன்னு போட்டுக்கலாம். புதுசா வர்ற குப்பையை வாசல்லயே நிறுத்தணும். முறைப்படி இல்லாத மெயில் எதையும் உள்ள விடாத."

முறைப்படி என்றால், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் மேலே ஒரு தலைப்பகுதி உண்டு, அதில் யார் அனுப்பியது, யாருக்கு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் பிசகில்லாமல் இருக்க வேண்டும். இல்லாததைத் தள்ளிவிடு என்று சர்வருக்குச் சொல்லிவைக்க முடியும். சொல்வதற்கு முன்னால் நாச்சியார் ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பார்த்தாள். தள்ளப்படப் போகிறவற்றில் முக்கால்வாசி ஒரே ஊரிலிருந்து வருவதைக் கண்டு மறுபடி அவர் அறைக்குப் போனாள்.

"சார், எல்லாம் கீழமுனைத்துறை மெயில். அங்க ஒரே ஒரு நெட் சென்டர். அந்த கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, தேதியே போடாது, அனுப்புறவங்க முகவரியையும் பாதிதான் எழுதும். எழுதுற ஜனங்க மேல தப்பில்ல. தள்ள வேண்டாம், தனியா ஒரு பெட்டியில போட்டுவைக்கிறேன். ஒவ்வொண்ணா நானே திறந்து பாக்குறேன்."

"பெட்டியில கிடந்தா அதுவும் நிலுவைதான். விலாசம் ஒழுங்கா இல்லாத கடுதாசியை தபால்காரன் கொண்டுவந்து குடுக்கிறானா?"

"எங்க ஊர்ல குடுப்பாரு சார். விசாரிச்சுக் கொண்டுவந்து குடுப்பாரு."

"அப்ப உங்க ஊருக்கே போயிடு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அவள் அந்த நாலு வரியை எழுதி ஏற்றினாள், ஏற்றிவிட்டு விசைப்பலகையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள், பக்கத்து மேசைக்காரர் என்னம்மா என்று கேட்டதற்கு எறும்பு என்றாள்.

தள்ளப்பட்ட மின்னஞ்சல் வழக்கமாக எழுதியவருக்கே திரும்பிப் போகும், மூன்று வரி ஆங்கிலக் குறிப்போடு. ஆனால் அந்தப் பழைய கணினி பாதி முகவரிதான் எழுதியிருந்தது என்பதால், கீழமுனைத்துறைக் கடிதங்களுக்குத் திரும்பிப் போகவும் வீடில்லை. வாங்குவார் இல்லாமல், திரும்பவும் வழியில்லாமல் அவை கடலுக்குப் போயின. அந்தத் துறையில் போக்கிடமில்லாத எல்லாமே கடலுக்குத்தான் போகும், சாக்கடை போகும், ஐஸ் பிளாண்ட் கழிவு போகும், கிழிந்த வலையும் செத்த நாயும் போகும், கடிதங்களும் போயின, மீன்கள் அவற்றை விழுங்கின.

புதன்கிழமை விடிகாலையில் தொம்மையின் படகு கொண்டுவந்த கை நீளப் பாறைமீன் ஒன்று, ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்ததும் வாயைத் திறந்து, "பெறுநர், மாவட்டக் குறைகேட்பு அலுவலர் அவர்கள்" என்று ஆரம்பித்தது. குரல் இறால் உரிக்கும் அமலோற்பவத்தின் குரல், கொஞ்சம் கட்டின, கோபத்தை மரியாதைக்குள் அடக்கிய குரல். "ஐயா, கஸ்பார் ஐஸ் பிளாண்டில் அம்மோனியா போகும் குழாய் எங்கள் ஷெட்டுச் சுவரை ஒட்டிப் போகிறது. அது ஓட்டையாகி மூன்று மாதம் ஆகிறது. சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நாற்பது பெண்கள் வேலை செய்கிறோம். கண் எரிகிறது, இருமினால் ரத்தம் வருகிறது. என் தங்கை பிரகாசி போன வாரம் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆள் செத்த பிறகு வராதீர்கள், முன்னால் வாருங்கள். இப்படிக்கு, அமலோற்பவம்." சொல்லி முடித்து மீன் வாயை மூடிக்கொண்டது.

ஏலம் விடும் இன்னாசி மரியாதையாக முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "மூணு தடவ சொல்லிப் பாத்திருக்கா, பாவம். சரி, பாறை, பெரிய பாறை, கேக்குறவங்க கேளுங்க" என்றார். ஒரு ஓட்டல்காரர் கேட்டு வாங்கிப் போனார்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெரிய மீன்களுக்குள் நீளமான கடிதங்களும் சின்ன மீன்களுக்குள் ஒற்றை வரிகளும் இருந்தன, நெத்திலிக் கூடைகள் மொத்தமாக ஐயா ஐயா ஐயா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் வாயை அடைக்க முடியாது என்பதை எல்லாரும் கண்டுகொண்டார்கள். தலையை வெட்டினால் தலை தொடர்ந்து சொன்னது, உப்பில் புதைத்தால் உப்புக்கு அடியிலிருந்து தொண்டை கட்டின குரலில் சொன்னது, குழம்பில் போட்டால் கொதிக்கக் கொதிக்கச் சொன்னது. ஒரே ஒரு ஆள் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டால் போதும், மீன் வெறும் மீனாகிவிடும். ஆனால் கடிதம் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை என்பதால், மறுநாள் வேறொரு மீன் அதே கடிதத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே மீன் வாங்கப் போகும் பெண்கள் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்கிக்கொண்டார்கள், அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள், கேட்டு முடித்த பிறகே செதில் சுரண்டினார்கள். வெளியூர் வியாபாரிகள் பேசாத மீன் இருக்கிறதா என்று கேட்டு வந்து, இல்லையென்று தெரிந்து முகம் சுளித்துக்கொண்டே வாங்கினார்கள்.

பங்குச்சாமியார் சாராயக்கடையைப் பற்றி எழுதின கடிதத்தை ஒரு சுறா, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்த பாதிச் சனத்தின் முன்னால் சொன்னது. சந்தியாகு பக்கத்துவீட்டுச் சாக்கடையைப் பற்றி எழுதியதை, அந்தப் பக்கத்துவீட்டுக்காரியே வாங்கிய விளமீன் அவள் அடுக்களையில் சொன்னது. அவள் மீனைக் கையில் பிடித்துக்கொண்டே போய் சந்தியாகுவோடு சண்டை போட்டாள், சண்டை முடிந்த மூன்றாம் நாள் சாக்கடைக்கு மூடி போட்டாள். ஊரால் சரிசெய்ய முடிந்தவற்றை ஊர் இப்படித் திட்டிக்கொண்டே சரிசெய்தது. முதியோர் பென்ஷன், இடிந்த பள்ளிக்கூடச் சுவர், அம்மோனியாக் குழாய் ஆகியவை ஊரின் கைக்கு எட்டாதவை. அவற்றைச் சொன்ன மீன்களுக்கு முன்னால் ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நாளாக ஆகத் தலையை நிமிர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கஸ்பாரின் ஐஸ் பிளாண்டுக்குத்தான் துறையிலிருந்து வெளியூர் போகும் எல்லா மீனும் போயாக வேண்டும். பெட்டி பெட்டியாக ஐஸுக்குள் அடுக்கிய மீன்கள், அவருடைய குளிரறைக்குள்ளேயே, அவருடைய குழாயைப் பற்றி, அமலோற்பவத்தின் குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. பின்பக்க ஷெட்டில் இறால் உரிக்கும் நாற்பது பெண்களும் அதைக் கேட்டுக்கேட்டு மனப்பாடம் ஆக்கிவிட்டார்கள். பத்தாவது நாள் கஸ்பார் ஷெட்டுக்கு வந்தார்.

"ஏட்டி அமலி, என் மீனுக்குள்ள உன் குரல் ஏன் வருது?"

"நான் உங்களுக்கு எழுதல முதலாளி. எழுதினது கவர்மெண்டுக்கு. உங்க மீன் ஏன் அதத் தின்னுச்சோ, மீனைக் கேளுங்க."

"சோறு போடுற இடத்து மேலயே புகாரா?"

"சோறு போட்டா சரி. எங்களுக்கு மூச்சு முட்டுது. அந்தச் சாக்கை அவுத்துட்டு ஒரு புதுக் குழாய் போடுங்க, நான் வாயைத் தைச்சுக்கிறேன்."

"நாளைலேர்ந்து வராத" என்றார் கஸ்பார். அவள் கையுறையைக் கழற்றி இறால் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, தங்கை பிரகாசியைப் பார்த்து, நீயும் வா என்றாள். பிரகாசி வரவில்லை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன், மூன்று பிள்ளைகள். "நீ போ யக்கா, ரெண்டு பேரும் போனா அடுப்பு எரியாது" என்றாள்.

அமலோற்பவம் மறுநாளே பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போனாள். குறைகேட்பு அலுவலகத்தின் முகப்பில் பெரிய பலகையில் 'நிலுவை: 0' என்று எழுதி மாலை போட்டிருந்தார்கள். முன்மேசையில் இருந்தவர் திரையைப் பார்த்து, "உங்க பேர்ல எதுவும் வரலயே" என்றார்.

"ஆறு போட்டேன்."

"வரலம்மா. வந்திருந்தா இருக்கும்."

"எங்க ஊர் மீனெல்லாம் சொல்லுது, உங்களுக்கு வரலயா?"

உள்ளேயிருந்த நாச்சியார் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து வந்தாள். அவளுக்கு அந்தக் குரல் தெரியாது; மீன் என்றதும் ஊர் தெரிந்தது, தள்ளியதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டில் அந்த ஊரின் தேதியில்லாத வரிகளைப் பார்த்திருந்தாள். "வந்துச்சுக்கா. வாசல் வரைக்கும் வந்துச்சு. நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்றாள்.

அமலோற்பவம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என் கடுதாசிக்கு என்ன குறை?"

"தேதி இல்ல. அனுப்புனவங்க முகவரியும் சரியா இல்ல."

"தேதியா? அந்தக் குழாய் தேதி பாத்தா கசியுது? என் தங்கச்சி தேதி போட்டா மயங்கி விழுறா? உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தி, ஒரே ஒருத்தி, தொறந்து பாக்கல, தேதிய மட்டும் பாத்திருக்கீங்க!" அவள் கத்திய கத்தலில் அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. நாச்சியார் அழவில்லை, அழுதால் அடிப்பாள் என்று தோன்றியது, அடித்தாலும் தகும் என்றும் தோன்றியது. அவள் அமலோற்பவத்தின் மணிக்கட்டைப் பிடித்து, நேராகத் தில்லைநாயகத்தின் அறைக்குள் கூட்டிப்போனாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் வறுத்த சீலாமீன் துண்டு இருந்தது, சமையல்காரர் அவசரத்தில் அதைக் கடைசி வரை கேட்காமல் வறுத்திருந்தார். அமலோற்பவம் வாயைத் திறக்கும் முன்னாலேயே மிளகாய்ப்பொடி அப்பிய அந்தத் துண்டு, "பெறுநர், மாவட்டக் குறைகேட்பு அலுவலர் அவர்கள்" என்று அவளுடைய குரலில் தொடங்கியது. தில்லைநாயகம் விரலை மடக்கிக்கொண்டு கேட்டார். சாக்கு வரைக்கும் கேட்டார், கம்பி வரைக்கும் கேட்டார், ரத்தம் என்றதும் இலையைத் தள்ளிவைத்தார்.

"இது முறையான வழியில வரல" என்றார். "மீன் மூலமா வந்ததையெல்லாம் நான் எடுத்துக்க முடியாது. நல்ல கம்ப்யூட்டர்லேர்ந்து ஒழுங்கா ஒரு மெயில் போடச் சொல்லு, அடுத்த வாரம் பாக்குறேன்."

"நான் முன்னாலயே நிக்கிறேனே ஐயா" என்றாள் அமலோற்பவம். "வாயோட நிக்கிறேன்."

"திங்கக்கிழமைதான்மா நேர்ல மனு வாங்குற நாள்."

நாச்சியார் வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்து, பதினோரு நாளுக்கு முன்னால் எழுதிய நாலு வரியையும் அழித்தாள். அழித்து முடித்தபோது மணி ஒன்று நாற்பது. அந்த நேரத்தில் கீழமுனைத்துறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

தலைநகரத்துப் பெரிய வியாபாரி ஒருவர் அன்று சரக்கு பார்க்க வருவதாக இருந்தது. குளிரறை முழுக்க மீன்கள் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வாங்குவாரா? கஸ்பார் பிரகாசியைக் கூப்பிட்டு, "உன் அக்கா குரல்தான? நீயே உள்ள உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு முடி. எல்லாம் வாயை மூடின பிறகு வெளிய வா" என்று சொல்லி, வியாபாரி காதில் விழாதிருக்கக் குளிரறைக் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினார். அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அக்காவின் குரலுக்கு நடுவில், பெட்டி பெட்டியாகக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணிக்குச் சாக்குக்கு அடியில் குழாய் பிளந்தது, அம்மோனியா ஷெட்டுக்குள்ளும் குளிரறைக்குள்ளும் புகுந்தது. ஷெட்டிலிருந்த பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள், எண்ணிப் பார்த்தார்கள், பிரகாசி இல்லை. ஐஸ் உடைக்கும் சம்மட்டியோடு நாலு பேர் திரும்ப உள்ளே போனார்கள். தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தபோது எல்லாப் பெட்டிகளும் அமைதியாக இருந்தன. அவள் கடைசி மீன் வரைக்கும் கேட்டு முடித்திருந்தாள்.

அன்றோடு மீன்கள் பேசுவதை நிறுத்தின. ஊர் பேச ஆரம்பித்தது. ஒன்பது நாள் ஒரு படகும் கடலுக்குள் போகவில்லை. ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மீன் ஏலக்கூடத்தில் அழுகி நாறியது, நாறட்டும் என்று விட்டார்கள். இன்னாசி ஏலக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கடலில் வீசினார். பங்குச்சாமியார் அடக்கப் பூசையில் மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கி, முன்வரிசைப் பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்தார்.

பதினைந்தாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை வைத்தார்கள். தில்லைநாயகம் சலவைச் சட்டையில் வந்து, "சம்பவத்துக்கு முன்பு இது தொடர்பாக எந்தப் புகாரும் எங்கள் அலுவலகத்தில் பெறப்படவில்லை" என்று வாசித்தார். அது பொய்யில்லை, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதனால்தான் மண்டபம் கொதித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து நாச்சியார் பத்தொன்பது பக்கத் தாள்களோடு எழுந்தாள். சர்வர் தான் தள்ளியதையெல்லாம் குறித்துவைத்திருந்தது. கடிதங்கள் அதில் இல்லை, நேரமும் ஊரும் காரணமும் இருந்தன. அவள் வரிவரியாக வாசித்தாள். கீழமுனைத்துறை, காலை ஒன்பது இருபது, மறுக்கப்பட்டது, தேதி இல்லை. கீழமுனைத்துறை, பத்து ஐந்து, மறுக்கப்பட்டது, முகவரி பிழை. இருபதாவது வரியில் விசாரணை அதிகாரி போதும் என்றார். அவள் நிறுத்தவில்லை.

"இதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதே. கடிதத்தோட நகல் யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

நாற்பதில் ஒன்று குறைந்து முப்பத்தொன்பது பெண்கள் எழுந்து நின்று, பெறுநர் என்று ஆரம்பித்து, ஓட்டையான குழாயையும் சாக்கையும் கம்பியையும் கண் எரிச்சலையும் ரத்தத்தையும் ஒரே குரலில் சொன்னார்கள். தங்கை பிரகாசி என்ற இடம் வந்தபோது யாருக்கும் குரல் உடையவில்லை, இன்னும் சத்தமாகச் சொன்னார்கள், ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. குமாஸ்தா முழுவதையும் எழுதிக்கொண்டார்.

ஐஸ் பிளாண்டுக்கு சீல் வைத்தார்கள். கஸ்பாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஜாமீனில் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டார். தில்லைநாயகத்தை வேறொரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே நாற்காலி. நாச்சியாரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

வேலை போன மறுவாரம் அவள் தன் மடிக்கணினியோடு கீழமுனைத்துறைக்குப் போனாள். அமலோற்பவம் வாசலில் பிரகாசியின் கடைசிப் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நாச்சியார் நின்றுகொண்டே, "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"அத வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் அமலோற்பவம். பிள்ளையின் சடையைக் கட்டி முடித்து அனுப்பிவிட்டு, நாச்சியாரின் தோளில் தொங்கிய பையைக் காட்டி, "அது வேலை செய்யுமா?" என்று கேட்டாள்.

"செய்யும்."

"அப்ப உக்காரு. எழுது. கோர்ட்டுக்கு. ஒண்ணாவது ஆளு கஸ்பாரு. ரெண்டாவது தில்லைநாயகம். மூணாவது நீ. உன் முழுப்பேரு என்ன?"

"கோமதிநாச்சியார்."

"அப்பா பேரு?"

"சங்கரபாண்டியன்."

"போடு. கஸ்பாரு செஞ்சத நான் சொல்றேன். அந்த ஆபீசருக்குள்ளதையும் சொல்றேன். நீ செஞ்சத நீயே எழுது."

நாச்சியார் படியில் உட்கார்ந்து எழுதினாள். வெயில் ஏறியது, அமலோற்பவம் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் அமலோற்பவம் வாசிக்கச் சொன்னாள். கஸ்பாரைப் பற்றியதைத் தலையசைத்துக் கேட்டாள். தில்லைநாயகத்தைப் பற்றிய இடத்தில் இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னாள். மூன்றாவது ஆளைப் பற்றிய பத்திக்கு வந்தபோது, "மேற்படி கோமதிநாச்சியார், மேலதிகாரியின் உத்தரவின் பேரில், தவறுதலாக" என்று நாச்சியார் வாசிக்க, அமலோற்பவம் கையை நீட்டித் தடுத்தாள்.

"உனக்குத் தெரியும்லா? எங்க ஊர்லேர்ந்து வர்றதுதான் தள்ளுப்படும்னு உனக்கு முன்னாலயே தெரியும்லா?"

"தெரியும்."

"அப்ப அந்த ஒரு வார்த்தைய எடு."

நாச்சியார் 'தவறுதலாக' என்பதை அழித்தாள். 'தெரிந்தே' என்று எழுதினாள். பிறகு அமலோற்பவம் கேட்டுக்கொண்டிருக்க, முதல் வரியிலிருந்து மறுபடி உரக்க வாசித்தாள்.